கொன்றவன் பொறுப்பும் கொல்லச் சொல்பவர் பொறுப்பும்

கேள்வி கேட்ட தம்பி பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தைச் சேர்ந்தவர். அவர் இருக்கும் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், சில மாதங்களுக்கு முன்பு ஒரு கொலை. கசிப்பு என்ற கள்ளச் சாராயத்தைக் குடித்துவிட்டு வந்த ஒருவன் பக்கத்துக் காம்பராக்காரரை (பக்கத்து அறையில் குடியிருப்பவரை), தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் வெட்டிவிட்டான். இறந்தவருக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும். தோட்டமே திரண்டு "தூக்கில் போடு" என்று அட்டை பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்றது. தம்பி எழுதுகிறார்: "மரண தண்டனை வேண்டாம் என்பவர்கள் குடி, வறுமை, வளர்ப்பு என்று காரணம் அடுக்குகிறார்கள். அப்படியென்றால் செய்தவனுக்குப் பொறுப்பே கிடையாதா? பொறுப்பு இல்லையென்றால் ஒழுக்கம் என்று எதைச் சொல்வது?" கடிதத்தின் கடைசியில் இன்னொரு வரியும் இருந்தது. பார்த்தவர்கள் நிறையப் பேர், ஆனால் பொலிஸில் வாக்குமூலம் கொடுத்தவர்கள் இரண்டே பேர் என்று.

நான் கண்டி, நுவரெலியா, பதுளை மேல் நீதிமன்றங்களில் கொலை வழக்குகளில் எதிரிகளுக்காக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக, ஆஜராகும் சட்டத்தரணி. சட்டத்தரணி வைக்க வசதியில்லாத எதிரிக்கு நீதிமன்றமே அரச செலவில் ஒருவரை நியமிக்கும். எனக்கு வந்த வழக்குகளில் பாதிக்கு மேல் அப்படி வந்தவைதான். மரண தண்டனையை நான் எதிர்க்கிறேன். ஆனால் தம்பி சொல்லும் அந்தக் காரண அடுக்கை வைத்து எதிர்க்கவில்லை.

அவன் குடித்திருந்தான், உண்மை. அதே சம்பள நாளில் அதே கசிப்பைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தவர்கள் எத்தனை பேர்? அவன் ஏழை. அதே சம்பளத்தில், அதே பத்தடிக் காம்பராவில் வாழும் அயலவர்கள் யாரையும் வெட்டவில்லையே. வறுமைதான் கொன்றது என்று சொன்னால், அதே வறுமையில் கையை அடக்கி வாழும் ஆயிரக்கணக்கான மனிதர்களை நாம் அவமதிக்கிறோம். நம் தண்டனைச் சட்டக்கோவையும் இதையேதான் சொல்கிறது. தானாக ஏற்றிக்கொண்ட போதை முழு மன்னிப்புத் தராது. கொல்லும் எண்ணமே உருவாக முடியாத அளவுக்கு வெறியில் இருந்தான் என்றால், அல்லது பாரதூரமான, திடீர் ஆத்திரமூட்டல் இருந்தது என்றால், கொலைக் குற்றம் கைமோசக் கொலையாகக் குறையலாம். குறைந்தாலும் குற்றம் குற்றம்தான். ஆகவே தம்பி, உங்கள் முதல் பாதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். வெட்டியவன் வெட்டியதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

தூக்கில் போட்டால் அவன் பதில் சொன்னதாக ஆகுமா என்பதில்தான் நாம் பிரிகிறோம்.

நான் வாதாடித் தோற்ற வழக்கு ஒன்று. பதுளை மாவட்டத்துத் தோட்டத் தொழிலாளி. மச்சானை வெட்டிக் கொன்றவர். மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. பல்லேகல சிறைக்கு நான் போன ஆரம்ப காலத்திலெல்லாம் ஒரே பேச்சுத்தான்: "சாராயம் செஞ்ச வேலைங்க ஐயா. நான் என்ன பண்ணேன்னு எனக்கே தெரியாதுங்க." விசாரணையிலும் இதைத்தான் சொன்னார். நானும் இதை வைத்துத்தான் வாதாடினேன். வருசங்கள் போன பிறகு ஒருநாள், நான் கேட்காமலே சொன்னார்: "எனக்கு நல்லா ஞாபகம் இருக்குங்க. மொத வெட்டுக்கு அவரு கையை நீட்டித் தடுத்தாரு. அப்பவே நிறுத்தியிருக்கலாம். நான்தாங்க நிறுத்தல." வாய் மூடியதும் மேசை விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, சிறையில் வேலை செய்து சேர்த்த சின்னத் தொகையை மச்சானின் மகள் படிப்புக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார். நான் போய்ச் சொன்னேன். அந்தப் பிள்ளையின் தாய், அவருடைய சொந்தத் தங்கைதான், "அவன் காசு என் வாசல் மிதிக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டார். அது அவருடைய உரிமை. மன்னிக்கச் சொல்ல எனக்கு ஒரு தகுதியும் இல்லை, நான் சொல்லவுமில்லை.

பொறுப்பேற்பது என்றால் என்னவென்று நான் நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். "அப்பவே நிறுத்தியிருக்கலாம், நான்தான் நிறுத்தல" என்ற அந்த வாக்கியம் ஒரு மனிதனின் வாயில் வர வருசங்கள் எடுத்தது. தீர்ப்பு வந்த மாதமே அவரைத் தொங்கவிட்டிருந்தால், "சாராயம் செஞ்ச வேலை" என்று நம்பிக்கொண்டேதான் செத்திருப்பார். எல்லாக் கைதியும் அந்த இடத்துக்கு வருவதில்லை. வராமலே சாகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வருவதற்கு உயிர் வேண்டும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட் சொன்னது. ஒரு தீவின் மக்கள் எல்லோரும் கலைந்து போக முடிவெடுத்தாலும், போவதற்கு முன் சிறையில் இருக்கும் கடைசிக் கொலைகாரனைக் கொன்றுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார் அவர். பயமுறுத்தவோ திருத்தவோ அல்ல. அவன் தன் செயலைத் தானே தேர்ந்த மனிதன், அந்தத் தேர்வுக்குரியதை அவனுக்குக் கொடுப்பதுதான் அவனை மனிதனாக மதிப்பது என்பது அவர் வாதம். இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அதே கான்ட், சாகப்போகிறவனின் மனிதத் தன்மையைக் கேவலப்படுத்தும் எந்த வதையும் அந்தச் சாவோடு கலக்கக்கூடாது என்றும் சொன்னார். புத்தகத்தில் அது முடியும். கண்டியில் முடிந்ததா என்று பாருங்கள்.

1975 ஆகஸ்ட், போகம்பரைச் சிறை. மரு சிரா என்று நாடே அறிந்த சிறிபால. சிறையிலிருந்து தப்புவதில் பேர் போனவர். தூக்கு நாளன்று தகராறு செய்யாமல் இருக்கட்டும் என்று மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள், அளவு மிஞ்சிவிட்டது. நினைவில்லாத மனிதரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு வந்து பொறிக்கதவின் மேல் வைத்தார்கள். நிற்கிற ஆளுக்குக் கணக்குப் பார்த்த கயிறு, கிடக்கிற ஆளுக்குப் பொருந்தவில்லை. கழுத்து முறியாமல், மூச்சுத் திணறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறந்தார். நாடு கொதித்தது. அரசாங்கம் விசாரணை ஆணைக்குழு வைத்தது. தன் செயலுக்குரியதை ஏற்கும் மனிதனாக மதிக்கிறோம் என்று சொன்னவர்கள், தான் சாகிறோம் என்பதே தெரியாத ஒருவரைத்தான் தொங்கவிட்டார்கள். அடுத்த வருசம், 1976 ஜூன் 23இல், வெலிக்கடையில் ஒருவர் தூக்கிலிடப்பட்டார். இலங்கையில் கடைசித் தூக்கு அதுதான்.

அதற்குப் பிறகும் தீர்ப்பு மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. மேல் நீதிமன்றத்தில் மரண தண்டனை வாசிக்கும் காட்சியைத் தம்பி பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். விளக்குகளை அணைப்பார்கள். மின்விசிறி நிற்கும். சபையில் உள்ள அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். ஜனாதிபதி குறிக்கும் நேரத்தில், குறிக்கும் இடத்தில், உயிர் பிரியும் வரை கழுத்தில் தூக்கிட வேண்டும் என்று நீதிபதி வாசிப்பார். கையெழுத்து வைத்த பேனாவை முறித்துப் போடுகிற நீதிபதிகளும் உண்டு. எதிரி தமிழர், தீர்ப்பு சிங்களம் என்றால் மொழிபெயர்ப்பாளர் தாழ்ந்த குரலில் திரும்பச் சொல்வார். கூண்டில் நிற்பவர் பெரும்பாலும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், நீதிபதியை அல்ல.

அந்தச் சடங்கு முடிந்ததும் என்ன நடக்கும் தெரியுமா? அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரைப்படி, வழக்கை விசாரித்த நீதிபதி அறிக்கை எழுதுவார். அது சட்டமா அதிபருக்குப் போகும். அவருடைய ஆலோசனையோடு நீதி அமைச்சருக்கு. அமைச்சரின் பரிந்துரையோடு ஜனாதிபதிக்கு. நீதிபதியைக் கேட்டால் சட்டம் அப்படி என்பார். சட்டமா அதிபர் ஆலோசனை மட்டும்தான் என்பார். சிறை அத்தியட்சகர் உத்தரவு என்பார். தூக்கிலிடும் அலுகோசு சம்பளம் என்பார். வெட்டியவனிடம் "நான்தான் செய்தேன் என்று சொல்" என்று கேட்கிற நாம், அதே சொல்லை யாருமே சொல்லத் தேவையில்லாத ஒரு முறையைக் கட்டி வைத்திருக்கிறோம். என் மனத்தை மாற்றியது இந்த முரண்தான். கையெழுத்து வைக்க வேண்டிய ஜனாதிபதிகள் ஒருவர் பின் ஒருவராகப் பேனாவை எடுக்காமலே காலம் கடத்தினார்கள். 2004இல் மேல் நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேபிட்டிய சுட்டுக் கொல்லப்பட்டபோது, தூக்கை மீண்டும் கொண்டுவருவதாக அப்போதைய ஜனாதிபதி சந்திரிகா அறிவித்தார். யாரும் தூக்கிலிடப்படவில்லை. 2019இல் மைத்திரிபால சிறிசேன போதைப்பொருள் வழக்குக் கைதிகள் நால்வரின் ஆணையில் கையெழுத்திட்டதாகச் சொன்னார்; ஜூலையில் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அதற்குச் சற்று முன்பு அலுகோசு வேலைக்கு விளம்பரம் வந்தது. ஆண், 18க்கும் 45க்கும் இடைப்பட்ட வயது, மனவலிமை, சிறந்த ஒழுக்கம் வேண்டும் என்று கேட்டார்கள். நல்லொழுக்கம் உள்ளவனைத் தேடிப் பிடித்து இந்த வேலையைக் கொடுக்கிறோம் என்பதை அந்த விளம்பரத்தை எழுதியவர் ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் சேர்ந்த ஒருவர் தூக்கு மேடையைப் பார்த்ததுமே வேலையை விட்டுப் போனார். அவரை நான் மதிக்கிறேன்.

யாருடைய பொறுப்பு எவ்வளவு என்று கயிறு அளந்த விதமும் நம் கண் முன்னால்தான் இருக்கிறது. பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க 1958இல் மரண தண்டனையை நிறுத்தி வைத்தார். அதை ஆராய அமைத்த மொரிஸ் ஆணைக்குழுவும் நிறுத்தத்தைத் தொடரலாம் என்றுதான் சொன்னது. 1959 செப்டம்பரில் அவரையே சுட்டார்கள். உடனே தண்டனையை மீட்டு, ஏற்கனவே நடந்த குற்றத்துக்கும் பொருந்தும்படி சட்டம் செய்தார்கள். ஆனால் அந்தச் சட்டத்தின் வாசகம் சதிக் குற்றத்தைச் சரியாக உள்ளடக்கவில்லை. விளைவு, துப்பாக்கி பிடித்த சோமாராம தேரர் 1962 ஜூலையில் தூக்கிலிடப்பட்டார். சதிக்குத் தலைமை வகித்த புத்தரக்கித்த தேரர் மேன்முறையீட்டில் ஆயுள் தண்டனையோடு தப்பினார். ஏவியவர் இருந்தார், கை போனது.

நம் மலையகத்துக்கு வாருங்கள். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். சுட்டவர் தூக்கு மேடை ஏறவில்லை. 1941இல் புப்புரஸ்ஸ ஸ்டெலன்பேர்க் தோட்டத்தின் துரை, அதாவது மேலாளர், போப் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் இரண்டு தோட்டத் தொழிலாளர்கள் போகம்பரையில் தூக்கிலிடப்பட்டார்கள். துரையைக் கொன்றது சரி என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டுமே மனித உயிர். எந்த உயிருக்குக் கயிறு, எந்த உயிருக்கு விசாரணை ஆணைக்குழு என்று முடிவு செய்தது ஒழுக்கமா, அதிகாரமா என்றுதான் கேட்கிறேன்.

இன்னும் கிட்டத்தில், 2000 ஒக்டோபர் 25. பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாம். இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களையும் சிறுவர்களையும் வெளியிலிருந்து வந்த கும்பல் வெட்டியும் எரித்தும் கொன்றது. ஆயுதத்தோடு பொலிஸார் அங்கேயே நின்றார்கள். 2003இல் ஐந்து பேருக்கு மரண தண்டனை. 2005க்குள் மேன்முறையீடுகளில் எல்லோரும் விடுதலை. பெரும் கும்பலில் யார் வெட்டியது, யார் கல் எறிந்தது, யார் வேடிக்கை பார்த்தது, யார் உத்தரவு கொடுக்காமல் நின்றது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும் கடினமான வேலையை யாரும் முடிக்கவில்லை. பத்திரிகைத் தலைப்பில் மரண தண்டனை வந்தது, நம் ஆட்களுக்கு ஆறுதலாக இருந்தது, அவ்வளவுதான். இறந்த பிள்ளைகளுக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

ஆள் மாறிப் போகிற ஆபத்தையும் சொல்ல வேண்டும். 2015இல் கொட்டதெனியாவையில் ஒரு சின்னப் பெண் குழந்தையைக் கொன்றார்கள். நாடு முழுக்க "தூக்கு, தூக்கு" என்றது. முதலில் ஒரு பாடசாலை மாணவனைப் பிடித்தார்கள். பிறகு வேறொருவரைப் பிடித்து, அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று பொலிஸ் அறிவித்தது. மரபணுப் பரிசோதனை இருவரும் இல்லை என்றது. அந்த இரண்டாம் ஆளின் சகோதரனோடு பொருந்தியது. மரபணுச் சான்று கிடைக்காத வழக்குகள்தான் அதிகம், தம்பி. அதிலும் பொலிஸ் மொழி ஒன்று, பிடிபட்டவன் மொழி ஒன்று என்றால் வாக்குமூலத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதை நம் தோட்டங்களில் யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

திருக்குறளைக் காட்டி எதிர்வாதம் வரும் என்று தெரியும். கொடியவரைக் கொலையால் ஒறுப்பது பயிருக்குக் களை எடுப்பது போல என்று வள்ளுவர் சொன்னது உண்மைதான். அது செங்கோன்மை அதிகாரத்தின் கடைசிக் குறள். அதே அதிகாரத்தின் முதல் குறள், குற்றத்தை நன்றாக ஆராய்ந்து, யாரிடமும் சாயாமல் நடுநிலையாகச் செய்வதே முறை என்கிறது. முதல் குறள் நிறைவேறாத நாட்டில் கடைசிக் குறளை மட்டும் எடுத்துக்கொள்ள நமக்கு என்ன உரிமை? ஆராயாமல் கோவலனைக் கொன்ற பாண்டியன், உண்மை தெரிந்ததும் தானே குற்றவாளி என்று சொல்லி அந்த இடத்திலேயே உயிர்விட்டான். தண்டனை கொடுத்தவர் பொறுப்பேற்றால் அப்படித்தான் இருக்கும். அந்தக் கண்ணகியைத்தான் கண்டியில் பத்தினி தெய்வமாக வைத்து, எசல பெரஹராவில் ஊர்வலம் விடுகிறோம். அதே கண்டியில்தான் 1814இல், தகப்பன் எஹெலபொல செய்த துரோகத்துக்காக அவர் பிள்ளைகளின் தலையை வெட்டினார் கடைசி அரசர். தகப்பன் குற்றத்துக்குப் பிள்ளையைக் கொல்லக்கூடாது என்று இன்று நாம் எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். தனிமனிதப் பொறுப்பு என்ற எண்ணம் நமக்குக் கொடுத்த பெரிய கொடை அது. அதை நான் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை.

2013 ஜனவரியில் மூதூர்ப் பிள்ளை ரிசானா நபீக்கைச் சவூதியில் தலை துண்டித்தபோது நம் தோட்டங்களிலும் அழுதார்கள். வீட்டு வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பிய தாய்மார் நிறைந்த இடம் இது. குழந்தை இறந்த நேரத்தில் அந்தப் பிள்ளைக்குப் பதினேழு வயது. "அங்கே சட்டம் அப்படி" என்று அன்று நம்மில் யாரும் ஆறவில்லை.

சரி, தூக்கு வேண்டாம் என்றால் என்ன வேண்டும்? இப்போதுள்ள கேலிக்கூத்து வேண்டவே வேண்டாம். மரண தண்டனை என்று வாசித்துவிட்டு, பிறகு ஒரு ஜனாதிபதியின் கையெழுத்தில் வீட்டுக்கு அனுப்புவது. மிருசுவிலில் எட்டுத் தமிழரைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாயை 2020 மார்ச்சில் கோட்டாபய ராஜபக்ஷ மன்னித்து விட்டார். ரோயல் பார்க் அடுக்குமாடியில் நடந்த கொலையின் குற்றவாளிக்குச் சிறிசேன கொடுத்த மன்னிப்பை 2024இல் உயர் நீதிமன்றம் ரத்துச் செய்ய வேண்டியிருந்தது. மரண தண்டனைதான் கடுமை என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: நிறைவேறாத தண்டனை இருக்கும் இடத்தில்தான் இப்படிப்பட்ட தயவு நுழைகிறது. இத்தனை வருசம் உள்ளே இருந்தே ஆக வேண்டும், வெளியே விடுவதென்றால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும், இறந்தவர் குடும்பத்தைக் கேட்காமல் விடக்கூடாது என்று சட்டம் சொல்லட்டும். அதை நான் ஆதரிப்பேன்.

இப்போது உங்கள் லயத்து அந்தப் பெண்மணி. இறந்தவரின் பெயரில் தோட்டத்தில் பதிவு, காம்பரா தோட்டத்தினுடையது. வெட்டியவனின் குடும்பம் சுவருக்கு அந்தப் பக்கம். அவருக்கு இன்று வேண்டியது ஊழியர் சேமலாப நிதிப் பணத்தை எடுக்கத் தேவையான காகிதங்கள், பிள்ளைகளோடு அங்கேயே இருக்க முடியுமா என்பதற்கு ஒரு பதில், நீதிமன்றம் போகும் நாளில் போன சம்பளத்துக்கு ஈடு. பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் தரும் சட்டம் 2015இலேயே வந்தது. அதற்குப் பதிலாக 2023இல் புதிய சட்டம் வந்தது. நட்டஈடு கேட்கவும், மிரட்டல் வந்தால் பாதுகாப்புக் கேட்கவும் அதில் வழி உண்டு. அட்டை பிடித்து நின்றவர்களில் ஒருவராவது இதற்காக அவரோடு பஸ் ஏறினார்களா?

உங்களைக் குத்துவதற்காகக் கேட்கவில்லை, தம்பி. நீங்கள் பொறுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். வழக்கு முதலில் நீதவான் முன்னால் போகும், பிறகு சட்டமா அதிபர் குற்றப்பத்திரம் தாக்கல் செய்ய வருசங்கள் ஆகலாம். அதற்குள் இரண்டு சாட்சிகளில் ஒருவர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டால் வழக்கு நொண்டும். எதிரிக்காக நிற்கும் சட்டத்தரணி என்ற முறையிலேயே சொல்கிறேன், சாட்சி இல்லாத வழக்கில் என்னைப் போன்றவர்கள் வெல்வது கஷ்டமில்லை. ஆகவே பார்த்தவர்களை இந்த வாரமே கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போங்கள். தமிழில் வாக்குமூலம் கொடுக்க அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது; தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் இல்லை என்றால் அவர் வரும் நாளைக் கேட்டு வாங்குங்கள். சிங்களத்தில்தான் எழுதினார்கள் என்றால் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம். கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். இருட்டில் முகம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். அவன் முன்பு யாரையாவது மிரட்டியிருந்தால் எந்த நாள், யார் முன்னால் என்று சொல்லுங்கள். இறந்தவர் அன்று முதலில் கை ஓங்கியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.